முகப்பும் முற்றமும்



புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய வீதிகளில் மாலை வேளையில் நடப்போர் அன்றாடம் காணும் காட்சி ஒன்று உண்டு. மஞ்சள் பூசிய உயர்ந்த சுவர். அதன்மேல் காகிதப்பூக் கொடி படர்ந்து கிடக்கின்றது. அதன் முன்னே இளைஞர் சிலர் நின்று ஒளிப்படம் எடுத்துக்கொள்கின்றனர். ஒருவன் கழுத்தில் பிலிம் சுருள் போட்டு எடுக்கும் பழைய கேமரா தொங்குகின்றது. பெண்ணொருத்தி, பாட்டியின் மரப்பெட்டியிலிருந்து எடுத்தது போன்ற சேலையை அக்கால முறையில் உடுத்தியிருக்கின்றாள். வாடகைக்கு எடுத்த மிதிவண்டி ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கின்றது. படம் எடுத்து முடிந்த பின்னும் அவர்கள் உடனே புறப்பட்டுவிடுவதில்லை. சற்று நேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கின்றனர். ஐம்பது ஆண்டு முன்னதாகப் பிறந்திருக்கலாம் என்று அவர்களுள் எவரேனும் ஒருவர் சொல்வது அவ்வழியே செல்வோர் காதில் விழும்.

இதனை நகைத்துக் கடந்துவிடுதல் எளிது. மூத்தோர் பலர் அவ்வாறே செய்கின்றனர். பொழுதுபோக்கு என்பர், வேடம் என்பர். வேடமும் அதில் கலந்திருத்தல் கூடும். ஆயினும் அச்சொல்லின் அடியில் ஒரு வலி இருக்கின்றது. தான் வாழும் காலத்தின் விரைவும் இரைச்சலும் தனக்கு உரியன அல்ல என்று உணர்பவன், சொந்த ஊரிலேயே விருந்தாளியாக வாழ்கின்றான். கைப்பேசியில் ஒலிக்கும் தெளிந்த இசை அவன் செவிக்கு ஒட்டுவதில்லை. இசைத்தட்டின் கீறல் ஒலி ஒட்டுகின்றது. கண்ணாடியும் அலுமினியத் தகடும் போர்த்திய கட்டடத்தைக் கண்டால் அவன் மனம் சுருங்குகின்றது. தேய்ந்த படிக்கட்டைக் கண்டால் விரிகின்றது. அவனை வாழத் தெரியாதவன் என்று உலகம் சொல்கின்றது. அவனோ, காலம் தவறி வந்துவிட்டோம் என்று தன்னைத் தேற்றிக்கொள்கின்றான்.

இந்த நோவுக்கு மேலைநாட்டார் பெயர் சூட்டியது 1688ஆம் ஆண்டில். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் யோகன்னஸ் ஓஃபர் என்னும் மருத்துவ மாணவர், ஊர் திரும்புதல் என்னும் பொருளும் வலி என்னும் பொருளும் உடைய இரு கிரேக்கச் சொற்களைக் கூட்டி 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை ஆக்கினார். அயலகம் சென்ற சுவிஸ் நாட்டவர் ஊர் நினைவால் உண்ணாமல் உறங்காமல் மெலிவதைக் குறிக்க வந்த மருத்துவப் பெயர் அது. அப்போது பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் வாணிகத்தை ஊன்றி 14 ஆண்டுகளே கழிந்திருந்தன. ஓஃபர் கருதியது இடத்தைப் பிரிந்த நோய். பின்வந்தோர் அதனைக் காலத்தைப் பிரிந்த நோயாக்கிக்கொண்டனர். பிரிந்த இடத்திற்கு மீளக் கப்பல் உண்டு. காலத்திற்கு எந்தத் துறைமுகத்திலும் கப்பல் இல்லை.

தமிழர்க்கு இது புதிய செய்தி அன்று. கையறுநிலை என்று ஒரு துறையே வகுத்து வைத்த மொழி இது. பாரி மாய்ந்தபின் பறம்பை நோக்கிக் கபிலர் பாடிய பாடல்கள் புறநானூற்றில் நிற்கின்றன. அவற்றில் ஒரு நுட்பம் கருதத்தக்கது. பறம்பு மலை எங்கும் போய்விடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது. அங்கே நிகழ்ந்த வாழ்வுதான் போயிற்று. கபிலர் மலையின் தோற்றத்தைக் கண்டு உருகியவர் அல்லர்; அம்மலையில் யார் இருந்தார், யார்க்கு வாயில் திறந்திருந்தது என்பதை நினைந்து உருகியவர். பழமையை நேசிப்போர் அனைவரும் ஏதேனும் ஒரு கட்டத்தில் கபிலரின் இந்த வேறுபாட்டை எதிர்கொண்டே ஆகவேண்டும். புதுச்சேரியில் அது மற்ற ஊர்களைவிட விரைவாக எதிர்ப்படுகின்றது.

ஏனெனில், இந்நகரில் பழமை எது என்பதே எளிய வினா அன்று. ஊரின் பெயரே புதிய சேரி என்று பொருள்படுவது. பிரெஞ்சு நகரம் என்று பலரும் வியக்கும் நேர்கோட்டு வீதி அமைப்போ டச்சுக்காரர் கைக்கு உரியது. 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த அவர்கள் 1694இல் வரைந்த திட்டத்தில் அக்கட்டங்கள் காணப்படுகின்றன. 1761 ஜனவரி 16ஆம் நாள் நகர் பிரித்தானியரிடம் வீழ்ந்தது. வென்றவர்கள் கோட்டையையும் மாளிகைகளையும் வெடி வைத்தும் இடித்தும் தரைமட்டமாக்கினர். 1763ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையால் ஊர் மீண்டபின், 1765 தொடங்கி ழான் லா காலத்தில்தான் வீதிகள் பழைய கோட்டின்மேல் மறுபடி எழுந்தன. ஆகவே, துய்ப்ளே நடந்த வீதி என்று சொல்லி இன்று காட்டப்படும் வீடுகளில் பெரும்பாலானவற்றைத் துய்ப்ளே கண்டதில்லை. அவை அழிவுக்குப் பின் வந்த மக்கள், அழிந்ததை நினைந்து கட்டியவை. பழமையின்மேல் கொண்ட ஏக்கம் இவ்வூரின் சுவர்களுக்குள்ளேயே காரையோடு குழைக்கப்பட்டிருக்கின்றது என்றாலும் பொருந்தும்.

நகரைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பகுக்கின்றது. கிழக்கே கடற்பக்கம் பிரெஞ்சுப் பகுதி. உயர்ந்த மதில், பெரிய வாயிற்கதவு, உள்ளே தோட்டம், வளைந்த முகப்பு, மரச் சட்டங்கள் அடுக்கிய சன்னல். வீடு வீதிக்கு முதுகு காட்டி நிற்கும். ஒளிப்படம் எடுப்போர் அனைவரும் கூடுவது இந்தப் பகுதியில். மேற்கே தமிழர் பகுதி. இங்கு வீடு வீதியை நோக்கி அமர்ந்திருக்கும். மரத்தூண்கள் தாங்கும் சாய்கூரை வீதியின்மேல் இறங்கி நிற்கும். அதற்குத் தாழ்வாரம் என்று பெயர். வெயிலுக்கும் மழைக்கும் வழிப்போக்கர் அதனடியே ஒதுங்கலாம். வீட்டாரைக் கேட்க வேண்டுவதில்லை. அதற்கு அடுத்து ஓரிரு படி ஏறினால் திண்ணை. திண்ணை வீட்டுக்கும் வீதிக்கும் பொதுவான இடம். கணக்கு வழக்கு, பஞ்சாங்கம், வம்பு, பாட்டு, பள்ளிக்கூடம் எல்லாம் நடந்த இடம் அதுதான். அதைத் தாண்டிச் செதுக்கிய நிலைக்கதவு. அதன் உள்ளே முற்றம். வானத்திற்குத் திறந்த முற்றம். வெளியிலிருந்து உள்ளே செல்லச் செல்ல உறவின் நெருக்கம் படிப்படியாக மிகும்படி அமைந்த கட்டடக்கலை இது. வீதியையும் மனையையும் ஒரே கோட்டால் வெட்டிப் பிரிக்காத அறிவு அதில் இருந்தது. தமிழ் இலக்கியத்தின் ஒரு பெரும்பகுதி திண்ணையில் பேசப்பட்டுத்தான் ஏட்டிற்கும் அச்சிற்கும் சென்றது என்பதை இவ்வவை அறியும்.

மறைந்துகொண்டிருப்பது பெரிதும் இந்த மேற்குப் பகுதிதான். இன்டாக் என்னும் மரபுக்காப்பு அமைப்பினர் 1990களில் நகரில் கணக்கெடுத்தபோது மரபுச் சிறப்புடைய கட்டடங்கள் சுமார் 1,800 எனப் பட்டியலிட்டனர். அவற்றுள் பல நூறு அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இடிக்கப்பட்டுவிட்டன. இடித்தோரைக் கொடியோர் என்று பழிப்பது முறையன்று. ஐந்து உடன்பிறந்தார்க்குப் பாகம் பிரிந்த வீட்டில் முற்றத்தை எவ்வாறு ஐந்தாக வெட்டுவது? தேக்கு உத்திரம் பழுதானால் மாற்று உத்திரத்தின் விலை என்ன? செங்கல்லைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்டு மொட்டைமாடி போடத் தெரிந்த கொத்தனார் எத்தனை பேர் எஞ்சியுள்ளனர்? மழைநாளில் முற்றத்தில் வழுக்கி விழுந்த பாட்டிக்குப் பழமையின் அழகைப் பற்றி யார் சென்று விரிவுரை ஆற்றுவது? வீட்டை இடித்துக் கான்கிரீட் அடுக்கு எழுப்பியவர் கண்ணில், தூணைத் தழுவி நிற்கும் அயலூர் இளைஞர் கவலையற்ற விருந்தினராகவே தெரிவர். அவர் நோக்கில் அது தவறும் அன்று.

வீதியில் வாழ்வோரும் அரசும் அறிஞரும் கூடிய இடத்தில் சிறிது நன்மையும் விளைந்தது. கால்வே சுப்புராயச் செட்டி வீதி என்னும் வைசியாள் வீதியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, தாழ்வாரங்களும் திண்ணைகளும் முகப்புகளும் வரிசையாகச் சீரமைக்கப்பட்டன. அதற்கு 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுக்காப்பு விருதும் கிடைத்தது. அங்கு இன்றும் அந்தத் தாழ்வாரத்தின் நிழலில் நடக்கலாம். ஆயினும் முகப்பைக் காப்பது ஒன்று, அதன் பின்னே முற்றத்தில் வாழ்வைக் காப்பது வேறொன்று. மரபு இல்லம் எனப் பெயர் பலகை தாங்கிய விடுதிகளில் தூண் துடைக்கப்பட்டுப் பளபளக்கின்றது. திண்ணையில் அயலார் அமர முடியாது. வாயிலில் காவலர் நிற்கின்றார்.

காரைக்குடியில் இதன் இன்னொரு முகத்தைக் காணலாம். செட்டிநாட்டு மாளிகைகளில் பிரித்த கதவு, நிலை, தூண், பீங்கான், பழைய சுவர்ப்படம் ஆகியன அங்குள்ள கடைகளில் விற்பனைக்கு அடுக்கப்பட்டுள்ளன. பர்மியத் தேக்குத் தூண் ஒன்று தாங்க வேண்டிய கூரை இல்லாமல் சுவரோரம் சாய்ந்து நிற்பதைக் காண்பது எளிய காட்சி அன்று. அது எங்கோ ஓர் உணவகத்தின் வரவேற்பறையில் அழகுப்பொருளாய் நிற்கப் போகின்றது. கூரையைத் தாங்காத தூணைத் தூண் என்று எவ்வாறு அழைப்பது?

பழைய புதுச்சேரியின் ஒளிப்பட அஞ்சலட்டைகளில் 'புஷ்புஷ்' வண்டி தவறாது இடம்பெறும். பிரெஞ்சில் 'பூஸ் பூஸ்' என்பர். அமர்வோர் கையில் வண்டியைத் திருப்பும் பிடி இருக்கும். பின்னிருந்து ஆட்கள் தள்ளிக்கொண்டு ஓடுவர். வெள்ளை உடை, தொப்பி, குடை, பின்னணியில் மரச்சன்னல். ஏக்கம் கொண்டோர் கண்ணுக்கு அதனினும் இனிய படம் இல்லை. ஆனால் காலம் தவறிப் பிறந்ததாக வருந்தும் எவரும், அந்தப் படத்திற்குள் நுழையும்போது தம்மை இருக்கையில்தான் அமர்த்திக்கொள்கின்றனர். வண்டியைத் தள்ளுவோராகத் தம்மைக் கனவு கண்டவர் ஒருவரும் இலர். படத்தில் அவர்கள் முகம் தெளிவாக இருப்பதும் அரிது, ஓட்டத்தில் மங்கிப்போயிருக்கும். பழமைமேல் காதல் கொண்டோர்க்கு இது வசையாகச் சொல்லப்படுவது அன்று. அக்காதல் எந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கின்றது என்பதை அறிந்துகொள்வதற்காகவே சொல்லப்படுகின்றது.

2014 நவம்பர் இறுதியில் பெய்த மழையில் கடற்கரைச் சாலையின் 'மேரி' கட்டடம் இடிந்து விழுந்தது. 1870-71இல் எழுந்த நகரவைக் கட்டடம் அது. ஊர்மக்கள் பிரெஞ்சுச் சொல்லைத் தமிழாக்காமல் மேரி என்றே வழங்கி வந்தனர். பிறப்பும் திருமணமும் இறப்பும் பதிந்த இடமாதலின் அதன் வீழ்ச்சி சிலருக்கு உறவினர் சாவு போலவே இருந்தது. பின்னர் உலக வங்கியின் நிதியுதவியோடு பழைய தோற்றத்திலேயே அது மீள எழுப்பப்பட்டு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கடலிலிருந்து நோக்குவோர்க்கு இடையில் ஒன்றும் நிகழாதது போல் வெண்ணிறத் தூண்களோடு நிற்கின்றது.

அது பழைய மேரியா, புதிய மேரியா? இந்த வினா பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெரும் வழக்காடலாக நிகழ்ந்தது. ஆங்கிலேயராகிய ஜான் ரஸ்கின் 1849இல் எழுதிய நூலில், பழைய கட்டடத்தைப் புதுப்பித்தல் என்பது அதனை அழித்தலே. பொய்யும் கூட என்று கடிந்தார். மாண்டவரை எழுப்ப முடியாதது போலவே கட்டடத்தையும் எழுப்ப முடியாது என்பது அவர் கட்சி. பிரான்சின் வியொலே லெ துய்க் இதற்கு நேர்மாறானவர். சிதைந்த கட்டடத்தை ஒரு முழுமைக்குக் கொணர வேண்டும். அந்த முழுமை முன்னர் எந்தக் காலத்திலும் இருந்திராவிட்டாலும் குற்றமில்லை என்றார். ரஸ்கின் சொல் கவிஞர் உள்ளத்திற்கு இனிக்கின்றது. ஆனால் மழையும் கடற்காற்றின் உப்பும் சுவரைத் தின்னும் ஊரில், ரஸ்கின் வழியே சென்றால் எஞ்சுவது கற்குவியலே. தமிழ்நாட்டார் இவ்விருவரையும் கேளாமலே ஒரு வழி கண்டிருந்தனர். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்குச் செய்து கோயிலைப் புதுக்கினர். சுதை மாறும், வண்ணம் மாறும், கோயில் மாறுவதில்லை. வழிபாடு அறுபடாமையே அதன் பழமை. அந்த அளவுகோலால் அளந்தால், புதிய மேரி பழைய மேரியா என்பது அதன் தூண்களைப் பொறுத்தது அன்று; ஊர்மக்கள் அலுவலாக அதன் படியேறுகின்றனரா என்பதைப் பொறுத்தது.

இனி, ரங்கப்பிள்ளை வீதிக்குச் செல்லலாம். 1738இல் கட்டப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அங்கே நிற்கின்றது. 1761ஆம் ஆண்டு அழிவுக்குத் தப்பிய மிகச் சிலவற்றுள் ஒன்று. கீழ்த்தளம் தமிழ் முறை: செதுக்கிய மரத்தூண்கள், நடுவே முற்றம். மேல்தளம் பிரெஞ்சு முறை: காரை பூசிய வெண்தூண்கள். ஒரே வீடு. கீழே இறங்கினால் ஓர் உலகம், மேலே ஏறினால் ஓர் உலகம். தூய பழமையைத் தேடி வருவோர்க்கு அவ்வீடு சற்று ஏமாற்றம் தரும். அது தன் காலத்தில் கலப்பும் புதுமையுமாக எழுந்த வீடு. அன்றைய முதியோர் எவரேனும் அம்மேல்மாடியை அண்ணாந்து பார்த்துக் காலம் கெட்டுவிட்டது என்று சொல்லியிருந்தால் வியப்பதற்கில்லை.

அவ்வீட்டின் தலைவர் 1736 செப்டம்பரில் தொடங்கி வாழ்வின் இறுதிவரை, கால் நூற்றாண்டுக் காலம், நாட்குறிப்பு எழுதினார். இன்ன நாள் இன்ன கப்பல் துறைமுகம் வந்தது, அதற்கு எத்தனை பீரங்கி முழங்கியது, சீட்டித்துணி என்ன விலை போயிற்று, குவர்னர் என்ன சொன்னார், அவர் மனைவி என்ன சூழ்ச்சி செய்தார், யார் யாரோடு பகைத்தனர் என்று ஒன்று விடாமல் எழுதினார். இலக்கணத் தமிழில் அன்று, அன்றைய வாய்த்தமிழில். தெலுங்கும் பாரசீகமும் போர்த்துக்கீசியமும் பிரெஞ்சும் கலந்த, மூச்சு விடாமல் நீளும் தமிழ். அதனைப் படிக்கும்போது ஓர் ஊரின் பேச்சொலி இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு அப்பாலிருந்து காதில் விழுகின்றது.

அங்கே உள்ளது இனிமை மட்டும் அன்று. 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட நாளின் நிகழ்ச்சி உண்டு. ஏழைகளைப் பிடித்து அடிமைகளாக விற்ற கொடுமை உண்டு. வலங்கை இடங்கைச் சாதிப் பூசல் உண்டு. மஞ்சட்சுவரின்முன் நின்று ஏங்கும் இளைஞர் அந்தக் காலத்திற்குள் உண்மையிலேயே இறக்கிவிடப்பட்டால் எந்தக் கதவைத் தட்டுவார், எந்தக் கதவு அவருக்குத் திறக்கும் என்று எண்ணிப் பார்ப்பதற்கு அந்நூலைவிடச் சிறந்த துணை இல்லை.

இன்னொன்றும் அந்நாட்குறிப்பில் உண்டு. துய்ப்ளே 1754இல் பிரான்சுக்குத் திரும்பிய பின் பிள்ளையின் செல்வாக்குச் சரிந்தது. பிற்காலக் குறிப்புகளில், நகரம் முன்போல் இல்லை, முறை கெட்டுவிட்டது, அந்தக் காலம் போயிற்று என்னும் கசப்பு மீண்டும் மீண்டும் தலைகாட்டுகின்றது. யாருடைய காலத்தைப் பொற்காலம் என்று பிற்காலத்தார் எண்ணி ஏங்குகின்றனரோ, அவரே தம் காலத்தில் அயலாராகித் தம் இளமைக்காலத்தை எண்ணி ஏங்கிக்கொண்டிருந்தார். நகர் வீழ்வதற்குச் சில நாள் முன்னர் 1761 ஜனவரியில் அவர் மறைந்தார். தாம் அறிந்த ஊர் இடிக்கப்படுவதைக் காணும் துயர் அவருக்கு நேரவில்லை.

காலத்தோடு ஒட்டாமையை அவர் வென்றார் என்று சொல்வதற்கில்லை. ஆனால் எழுதிக்கொண்டே இருந்தார். கசந்த நாளையும் எழுதினார். அந்த ஏடுகள் 1846இல் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டன. 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தன. தமிழ்நூல் தமிழில் அச்சேறத் தொடங்கியது அதற்கும் பிறகு, 1948இல். தமிழர் எழுதிய தமிழைத் தமிழர் ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது என்பது சிறிய செய்தியன்று. முகப்பை விரும்பும் அளவிற்கு முற்றத்தை விரும்பவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

முற்றத்திற்குள் சென்றவர் பிரபஞ்சன். 1945இல் இவ்வூரில் பிறந்து 2018 டிசம்பரில் இவ்வூரிலேயே மறைந்த அவர், அந்நாட்குறிப்பை அடித்தளமாகக் கொண்டு 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்னும் இரு நாவல்களைப் படைத்தார். பின்னது 1995ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. தமிழில் வரலாற்று நாவல் என்றால் குதிரைக் குளம்பொலியும் வாள்வீச்சும் இளவரசியின் கடைக்கண்ணும் என்றிருந்த காலம் அது. வாசகர் பழமையை அந்த ஒப்பனையோடுதான் விரும்பினர். பிரபஞ்சனோ துபாசியின் கணக்கையும் கவலையையும், தாசியரின் மானத்தையும், விற்கப்பட்ட மனிதரின் நிலையையும் எழுதினார். நாட்குறிப்பின் வாய்மொழியை உரையாடலுக்குள் கொணர்ந்தார். முதல் பக்கங்களில் தடுமாறும் வாசகர், சற்றுச் சென்றபின் அந்த மொழியிலேயே எண்ணத் தொடங்கிவிடுவார். பழைய உடை உடுத்துவது வேறு. பழைய மொழியில் மூச்சுவிடுவது வேறு என்று அவ்விரு நாவல்களும் காட்டின. சில இடங்களில் ஆசிரியரின் இருபதாம் நூற்றாண்டுக் கோபம் பாத்திரங்களின் வாயில் ஏறிப் பேசுகின்றது என்பது உண்மையே. அது குறையாயினும் பொறுக்கத்தக்க குறை. கண்ணை மூடிக்கொள்ளாத காதலின் குறை.

இவ்வவையில் மரபுப்பா எழுதுவோர் உளர். புதுக்கவிதை எழுதுவோரும் உளர். வெண்பாவின் தளை தட்டாமல் இரவெல்லாம் விழித்திருப்பவரைக் காலம் தவறிப் பிறந்தவர் என்று புதுக்கவிஞர் சிலர் நகைப்பது அறிந்ததே. யாப்பைப் பழைய கேமரா போலக் கழுத்தில் தொங்கவிட்டுக் கொள்வோரும் உளர்தாம். அதில் பிலிம் இருக்காது. ஆனால் புதுச்சேரியில் யாப்பின் வரலாறு வேறு. 1908 முதல் 1918 வரை பத்தாண்டு இங்குத் தங்கிய பாரதி, 'பாஞ்சாலி சபத'த்தின் முதற்பகுதியை 1912இல் வெளியிட்டபோது, எளிய பதமும் எளிய நடையும் பொதுமக்கள் விரும்பும் மெட்டும் கொண்ட காவியமே இனித் தேவை என்று அறிந்து செய்தார். கதை பழையது, பேச வந்த செய்தி அன்றைய நாட்டைப் பற்றியது. அவர் வாழ்ந்த ஈசுவரன் தருமராஜா கோயில் வீதி வீடு இன்று நினைவில்லம்.

அவர் நிழலில் எழுந்த பாரதிதாசன் 1930இல் 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' வெளியிட்டார். இராமாயண மலை; மூலிகை; குப்பனும் வஞ்சியும். ஆனால் அம்மூலிகையைத் தின்றால் தொலைநாட்டு மாந்தர் பேசுவது காதில் கேட்கும். வானொலிப் பெட்டி இவ்வூர் வீடுகளுக்கு வந்திராத நாளில், பழைய மலைமேல் ஏறி நின்று அவர் புதிய உலகைக் கேட்டார். மூட நம்பிக்கையைக் கடிவதற்கே அந்தப் பழைய மலை அவருக்குப் பயன்பட்டது.

அவருடைய இன்னொரு பாட்டு ஆலைச் சங்கைப் பற்றியது. ஆலைக்குச் சென்ற கணவன் வீடு திரும்ப வேண்டும். அதற்குச் சங்கு ஊத வேண்டும். மனைவி அந்தச் சங்கையே விளித்துப் பேசுகின்றாள். சங்க இலக்கியத் தலைவி நிலவையும் கடலையும் விளித்தது போல இவள் ஆலையின் கருவியை விளிக்கின்றாள். அன்று அதனினும் புதிய ஒலி ஊரில் வேறில்லை. பஞ்சாலைகளின் ஊர் புதுச்சேரி. 1936 ஜூலை 30ஆம் நாள் சவானா ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்தப் போராட்டத்தின் பயனாக எட்டுமணி நேர வேலை சட்டமாயிற்று. 1898இல் தோன்றிய ரோடியர் ஆலை, பின்னாளில் ஏ.எஃப்.டி. எனப் பெயர் பெற்றது, 2011 இறுதியில் வீசிய தானே புயலில் பெரிதும் சிதைந்து, 2020இல் முற்றாக மூடப்பட்டது. அதன் நீண்ட கூரைகளும் செங்கற்சுவர்களும் பழமைதாம். நூறாண்டு கடந்த பழமை. அங்கே ஒளிப்படம் எடுக்கக் கூடும் கூட்டம் கடற்கரையில் கூடுவதுபோல் இல்லை.

பாரதிதாசன் புதுமை என்று எடுத்தாண்ட சங்கு இன்று ஊதுவதில்லை. பெருமாள் கோயில் வீதியில் அவர் வாழ்ந்த இல்லத்தைக் காண வரும் பள்ளி மாணவர்க்கு அந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர், கடற்கரைச் சங்கு வேறு, ஆலைச் சங்கு வேறு என்பதை முதலில் விளக்கியாக வேண்டும். பின்னர் ஆலை என்றால் என்ன, ஊர் முழுவதும் கேட்க அது ஏன் ஊதியது, அவ்வொலியைக் கேட்டு யார் யார் உலையில் அரிசி இட்டனர் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்.